பட்டி இல்லாத மட்கார்டு

பூவளையத்தைச் சரிசெய்வதுபோல் குனிந்து, உள்ளங்கையில் மறைத்துவைத்திருந்த காந்தத்தை ராய்ஸ் மட்கார்டின் மேல் வைத்தான். பக்கத்தில், திறந்த சவப்பெட்டிக்குள், அவன் அண்ணன் கார்லண்ட் உயிரோடிருந்தவரை கட்டாத டையுடன் படுத்திருந்தான்.

மட்கார்டைக் கார்ப் பந்தயக் குழுவினர் அனுப்பியிருந்தார்கள். கார்லண்ட் கையால் அடித்து வளைத்த கடைசி இரும்பு மட்கார்டாம். வெல்வெட் விரித்த தாங்கியில், பெட்டியைவிட ஒரு சாண் உயரத்தில் நின்றது. அதோடு வந்திருந்த இளம்பெண், எஞ்சின் ஆயில் ஸ்டிக்கரை மறைத்த ரோஜாக்களை இரண்டாம் முறையாக ஒதுக்கினாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க. சாப்பாட்டுச் செலவும் அந்த ஆயில் கம்பெனிதான்."

மைக்கில் குழுவின் முதலாளி ப்ரூவிட். "பள்ளத்த மூட நம்ம கார்லண்ட் பட்டிப் பசையத் தொட்டதே இல்ல! ஒரு ஸ்பூன்கூட!" ப்ரூவிட் சுத்தியல் பிடித்தது போட்டோவுக்காக மட்டும். "இரும்புலேர்ந்து எதிர்காலத்துக்கு நம்மளக் கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போன மனுஷன்!"

எதிர்காலம் அட்டைப்பெட்டியில் வந்தது. இரும்புத் தகட்டுக்குப் பதிலாக, நாரும் பசையும் சேர்த்து அச்சில் வார்த்த பலகைகள். எல்லாக் குழுவுக்கும் ஒரே மாதிரி. சுவரில் உரசினாலும் நசுங்காமல் திரும்ப நிமிர்ந்துகொள்ளும். தகடு அடிப்பவர்கள் எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, பலகைகளைத் திருகி மாட்ட ஓர் ஆளை மட்டும் வைத்துக்கொண்டார்கள். அது ராய்ஸ் இல்லை. அவன் இப்போது வீட்டுக் கொட்டகையில், சனிக்கிழமைப் பந்தயக்காரர்களின் பழைய கார்களுக்கு ஒட்டுப்போடுகிறான். அந்த ஓர் ஆள் கார்லண்ட்; அவனுக்குக் கையுறையும் வெள்ளைக் கோட்டும் கொடுத்தார்கள். அந்த வெள்ளைக் கோட்டைத்தான் ராய்ஸால் ஜீரணிக்க முடியவில்லை.

"எங்கண்ணன் வேலையா? பாதி தகடு, பாதி பட்டி" என்று ஊர் காப்பிக் கடையில் வருஷக்கணக்காகச் சொல்லிவருகிறான். பட்டி தடித்திருக்கும் இடத்தில் காந்தம் பிடிப்பு விட்டு வழுக்கும். இந்தப் புதுப் பலகைகளில் காந்தம் எங்குமே நிற்காது. அதில் யார் கெட்டிக்காரன் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இந்த மட்கார்டும் சாயங்காலமே கண்ணாடிக்கூண்டுக்குத் திரும்பிவிடும். பார்ப்பதென்றால் இப்போதுதான்.

காந்தத்தை நகர்த்தினான். பிடித்தது. விளிம்பில் பிடித்தது. சக்கரத்துக்கு மேலே வளையும் இடத்தில், ராய்ஸே என்றாலும் கொஞ்சம் பட்டி வைத்து ஏமாற்றியிருப்பான், அங்கும் பிடித்தது. ஒரு நகக்கண் அளவாவது வழுக்கக்கூடாதா என்று, பிரசங்கியார் தலைகுனியச் சொன்ன நேரத்தில், அவன் கர்த்தரிடம் உண்மையாகவே வேண்டிக்கொண்டான். வழுக்கவில்லை. பிய்த்து எடுத்தபோது டக்கென்று ஒரு சத்தம். நாலைந்து தலைகள் திரும்பின. காந்தத்தைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

"என்ன ராய்ஸ், வழுக்குச்சா?"

அண்ணன் மனைவி நடீன் பின்னால் நின்றாள்.

"தூசி இருந்துச்சு நடீன். தொடச்சேன்."

"ஜெபம் நடக்கறப்ப பொய் பேசாத. அவரும் இப்படித்தான். பட்டறைல நீ மத்தியானம் சாப்பிடப் போற நேரம் பாத்து, உன் தகட்டுல காந்தம் வச்சுப் பாப்பாரு."

ராய்ஸ் அவள் முகத்தைப் பார்த்தான்.

"என்னன்னு சொல்லுவான்?"

"என்ன சொல்லுவாரு? ஒண்ணும் சொல்லமாட்டாரு. வழுக்காத அன்னிக்கு ராத்திரி சாப்பாடு எறங்காது. பொரிச்ச கோழி அப்படியே தட்டோட நாய்க்குப் போகும்."

பக்கத்துக் கூடத்திலிருந்து கோழி வாசனை வந்துகொண்டிருந்தது.

"அந்த நாய்..." என்று ஆரம்பித்து நிறுத்தினான் ராய்ஸ்.

"கொழுத்துத்தான் செத்துச்சு."

சிரிப்பு தொண்டைவரை வந்தது. காட்டுவதற்கு ஆள் இல்லை. காட்ட வேண்டிய ஆள் டை கட்டிப் படுத்திருந்தான்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே நடீன்."

"நீ அவர்கிட்ட சொன்னியா?" என்றாள். பெட்டியை மூட ஆட்கள் வந்தார்கள்.

கல்லறையில் ப்ரூவிட் பெட்டியின் முன்கைப்பிடியைப் போட்டோ எடுக்கும்வரை பிடித்துவிட்டு, இடுப்பைத் தடவியபடி விலகினார். அந்த இடத்துக்கு ராய்ஸ் போனான். கனமான இரும்புப் பெட்டி. "என்னைப் பிளாஸ்டிக்ல மட்டும் போட்டுறாத" என்று கார்லண்ட் நடீனிடம் சொல்லிவைத்திருந்தானாம்.

குழிக்கு மேலே குறுக்காகக் கட்டியிருந்த வார்களில் பெட்டியை இறக்கிவைத்தார்கள். தூக்கிவந்தவர்கள் ஒவ்வொருவராகப் பின்வாங்கினார்கள். ராய்ஸ் மட்டும் பெட்டியோடு சாய்ந்து நின்றான். இறுதிச்சடங்கு நிறுவனத்துப் பையன் நெருங்கி, பழகிய இதமான குரலில், "விட்டுடுங்க சார். இறக்கணும்" என்றான்.

"நான் விட்டுட்டேன்."

ராய்ஸ் இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினான். கோட்டுப் பை மட்டும் பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டிருந்தது.