சாட்சியில் சொல்லாத பிள்ளை

வட்டக்கச்சியில் தகரக் கூரை போட்ட கிறிஸ்தவ ஜெபசபையில், ஜனகன் நான்காவது ஞாயிறாகச் சாட்சி சொல்ல எழும்பினான். முன்வரிசையில் இருந்த அவன் மனைவி தேனுகா சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். சீனி வருத்தம் எனும் நீரிழிவில் அழுகிய அவன் காலின் நாற்றம் அவள் விரல்களிலும் இருந்தது. காலையில் கட்டு மாற்றியவள் அவள்தான்.

ஆறு வருடங்களுக்கு முன் வேறொருத்தியோடு வவுனியாவுக்குப் போனவன். அந்தப் பெண் துரத்திவிட்டபின், இரண்டு மாதத்துக்கு முன் போதகர் அவனை ஓட்டோவில் கொண்டுவந்து வீட்டு வாசலில் இறக்கினார். "உங்கட ஜெபத்துக்குப் பதில், தங்கச்சி" என்றார். தேனுகா அப்படி எதையும் கேட்டிருக்கவில்லை.

"நான் மிருகமா இருந்தனான். இவளின்ர கையை விறகுக் கட்டையால அடிச்சு முறிச்சனான்" என்று தொடங்கினான் ஜனகன். சனம் "ஸ்தோத்திரம்" என்றது. முதல் ஞாயிறு அது வெறும் தடியாக இருந்தது. வாரத்துக்கு வாரம் பெருத்துக்கொண்டே வந்தது. எந்த இடத்தில் குரல் தழுதழுக்க வேண்டும், எப்போது கண்ணைத் துடைக்க வேண்டும் என்பதெல்லாம் அவனுக்குப் பழகிவிட்டது.

"என்ர எல்லாப் பாவத்தையும் கர்த்தர் கழுவிப்போட்டார்."

கைதட்டினார்கள். தேனுகா கைதட்டவில்லை.

போதகர் மைக்கை அவளிடம் நீட்டினார். "கர்த்தரே மன்னிச்சிட்டார். நீங்களும் மன்னிச்சிட்டன் எண்டு ஒரு வார்த்தை சொல்லுங்கோ."

அவள் எழும்பினாள். "எல்லாப் பாவமும் எண்டு சொன்னவர், ஒண்டைச் சொல்லேல்லை, பாஸ்ரர். எனக்கு அப்ப ஏழு மாசம். வயித்தில உதைஞ்சவர். பொம்பிளைப் பிள்ளை, செத்துத்தான் பிறந்தது. தன்ர பழைய சாரத் துணியில சுத்தி வேலிக்கரையில குழி வெட்டித் தாட்டிப்போட்டு வந்து, சோறு கேட்டவர்."

போதகர் அவசரமாகப் பாட்டுக்குக் கைகாட்டினார். பாதிப்பேர் பாடவில்லை. பின்வரிசையிலிருந்து அயல்வீட்டு மீனம்மா எழும்பி வந்து தேனுகாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

வீட்டில் அவள் புண்ணின் கட்டை அவிழ்க்கும்போது ஜனகன் வாய் திறந்தான். "ஆக்களுக்கு முன்னால என்னை வெக்கப்படுத்திப்போட்டாய்."

பிள்ளையைப் பற்றி ஒரு சொல்லாவது வருமென்று அவள் காத்திருந்தாள்.

"இனி எந்த முகத்தோட சாட்சி சொல்லுறது?"

புண்ணில் சீழ் பச்சையாக வழிந்தது. அதைத் துடைப்பது அவளுக்குச் சுலபமாக இருந்தது. அவன் பேச்சைத்தான் சகிக்க முடியவில்லை. கட்டிமுடித்து, சவர்க்காரம் போட்டு மூன்று தரம் கை கழுவினாள். பிறகு அவன் தமக்கைக்குப் போன் எடுத்து, வந்து அவனைக் கூட்டிப்போகச் சொன்னாள்.

வியாழக்கிழமை தமக்கை வாடகை வான் வண்டியில் வந்தாள். கேள்விப்பட்டுப் போதகரும் வந்துவிட்டார். "நாங்கள் இரக்கம் காட்டாட்டி, நாளைக்குக் கர்த்தரிட்ட எப்பிடி இரக்கம் கேக்கிறது, தங்கச்சி?"

"ரெண்டு மாசம் சீழ் துடைச்சனான், பாஸ்ரர். அதுக்கு என்ன பேர்?"

தேனுகா மருந்துப் பையைத் தமக்கையின் கையில் கொடுத்து, எந்த மருந்தை எப்போது பூச வேண்டுமென்று சொன்னாள். வானுக்குள் இருந்து ஜனகன், "என்னை மன்னிச்சிட்டியோ?" என்று கேட்டான். அவள் வான் கதவை இழுத்துச் சாத்தினாள்.

அடுத்த ஞாயிறும் அவள் சபைக்குப் போனாள். யாரும் மைக்கை நீட்டவில்லை. முழங்காலில் நின்று வாய்க்குள் முணுமுணுத்தாள்: "கர்த்தாவே, அந்த மனுசனுக்குத் தீர்ப்புக் குடுக்கிறதோ இரங்கிறதோ உம்மட விருப்பம். ஆனா இரங்கினாலும், என்னைக் கைதட்டச் சொல்லாதையும்."