தமிழ் அட்டை

விழித்திரை நோய்க்கு மருந்து தேடியே எனக்கு இருபது வருடம் போய்விட்டது. மட்டாஞ்சேரி கண் முகாமில், இஞ்சிக் கிடங்கில் வேலை செய்யும் சங்கரிக்கு மூன்று ஊசி போட்டாயிற்று. ஸ்கேனில் வீக்கம் வற்றிவிட்டது. ஆனால் தமிழர்களுக்கென்று நான் சண்டை போட்டு அச்சடித்த எழுத்து அட்டையில், மேலே இருக்கும் 'அ'வைத் தாண்டவே மாட்டேன் என்கிறாள்.

"இதுகூடவா தெரியல?" என்று கத்தினேன்.

அவள் ஜன்னல் வழியே தெருக்கோடியைப் பார்த்தாள். "தோப்பும்படி பஸ் வருது டாக்டரே, நான் போகட்டா?"

அந்தப் பஸ்ஸின் பெயர்ப்பலகை எனக்கே மங்கலாகத்தான் தெரிந்தது.

"அதை எப்படிப் படிச்ச?"

"அது மலையாளமல்லே! எனக்குத் தமிழ் வாசிக்க அறியாது டாக்டரே. நம்ம ஆளுங்களுக்குன்னு நீங்க ஆசையா அச்சடிச்ச அட்டை, உங்ககிட்ட எப்படிப் பறையறது?"