ஈயக் கூண்டுக்குள் பால்

எங்கள் ஆய்வகத் தலைவருக்கு நாங்கள் வைத்த பெயர் 'மறுபடி'. எந்த அளவைக் காட்டினாலும், "மறுபடி வச்சுப் பாருங்க" என்பார். பெண் பார்க்கப் போன இடத்திலும் அப்படித்தான் சொல்லியிருப்பார் என்று முதுகுக்குப் பின்னால் சிரிப்போம்.

அணு உலையில் கசிவு ஏற்பட்டதிலிருந்து சுற்று வட்டாரத்துப் பாலெல்லாம் எங்களிடம் வந்தது. டப்பாவில் எண் மட்டும்தான் இருக்கும். யார் வீட்டுப் பால் என்று எங்களுக்குத் தெரியக் கூடாது. ஆனால் அன்று ஒரு மூடியில் மஞ்சள் வாத்து ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. அக்கா மகளுக்கு நான் வாங்கிக் கொடுத்தது. தங்கள் வீட்டுப் பசுவின் பாலைத் தவிர வேறு எதைக் கொடுத்தாலும் அந்தக் குட்டி துப்பிவிடும். முடிவு தெரியும்வரை அக்கா அதையும் நிறுத்தி வைத்திருந்தாள்.

பாலை அளவுப் பாத்திரத்தில் ஊற்றி, வெளிக் கதிர்வீச்சு புகாத ஈயக் கூண்டுக்குள், கதிரியக்கத்தை அளக்கும் கருவியின் மேல் வைத்து மூடினேன். திரையில் எண் வந்தது. வரம்புக்குக் கீழே! போன உயிர் திரும்பி வந்தது எனக்கு.

முறைப்படி, கதிரியக்கம் எவ்வளவு என்று முன்பே தெரிந்த சோதனை நீரைத்தான் முதலில் வைக்க வேண்டும். அதன் எண்ணைக் கருவி சரியாகச் சொன்னால்தான் மற்றதை நம்பலாம். அவசரத்தில் நான் பாலை முந்த விட்டிருந்தேன்.

போன் அடித்தது. அக்கா.

"என்னடி ஆச்சு? நல்லதா ஒரு வார்த்தை சொல்லேன். காலையிலேர்ந்து பாலு பாலுன்னு என் உயிரை வாங்கறா."

நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அதற்குள் 'மறுபடி' கதவருகே நின்று, "சோதனை நீர் வச்சீங்களா?" என்றார்.

"கொஞ்சம் பொறு, அக்கா" என்று போனை வைத்தேன். அந்த மனிதர் மேல் அப்படியோர் எரிச்சல்.

சோதனை நீரை வைத்தேன். வர வேண்டியதில் பாதிதான் வந்தது.

கூண்டுக்குள் கைவிட்டுத் துழாவினேன். ஒரு பிளாஸ்டிக் வளையம் தட்டுப்பட்டது. கதிரியக்கம் மிகுந்த மண்ணை அளக்கும்போது, பாத்திரத்தைக் கருவியிலிருந்து தள்ளி நிறுத்தி எண்ணைக் குறைக்கப் போடுவது. முந்தின நாள் மண் அளந்தவர் 'மறுபடி'தான். முகம் வெளிறிப்போய் வளையத்தையே பார்த்தார்.

"எடுக்காம விட்டுட்டேம்மா. என் தப்புதான்."

வழக்கமாகச் சொல்லும் வார்த்தை அன்று அவர் வாயிலிருந்து வரவில்லை. நான்தான் சொன்னேன்: "மறுபடி வைக்கறேன், சார்."

வளையத்தை எடுத்த பிறகு சோதனை நீர் சரியாக வந்தது. பால் வரம்பைத் தாண்டியது. முதல் எண்ணோடு விட்டிருக்கலாமே என்று ஒரு கணம் நினைத்தேன். நினைத்ததற்காக என்னையே அறைந்துகொள்ளத் தோன்றியது.

அக்காவை அழைத்தேன்.

"அக்கா, பால் வேண்டாம்."

அவள் எதுவும் கேட்குமுன் நானே தொடர்ந்தேன்.

"கீழ கொட்டிடாதே. மூடித் தனியா வை. ஆளுங்க வந்து எடுத்துப்பாங்க."

பாத்திரத்தின் மேல் தட்டு வைக்கும் சத்தம் கேட்டது. அதன் பிறகு குட்டியின் குரல்.

"சித்தி சொன்னா தரேன்னு சொன்னியேம்மா. சித்தி சொல்லிட்டாங்களா?"