மூளை லேகியம்

"என் புருசன் பேரைக் கோதாவுல இருந்து எடுத்துருங்க, கங்காணி."

குஸ்திக்காரன் பெண்டாட்டி வாயில் வரவே கூடாத பேச்சு அது. கல்யாணமான புதிதிலேயே இராக்கம்மாவுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். இன்று சொல்லிவிட்டாள். கங்காணி வீட்டு வாசலில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த பயில்வான்களின் கைகள் அப்படியே நின்றன.

தேயிலைத் தோட்டத்து ஆட்களையும் கோதாவையும் ஆண்டுவந்த முருகையா கங்காணி வெற்றிலையைத் துப்பினார். "ஞாயித்துக்கிழமை நமுனுகுல தோட்டத்தோட மோதல். இப்ப வந்து இதென்ன பேச்சு, புள்ள?"

"போன தடவ மண்டை தரையில மோதுனதுல இருந்து அவரு அவரா இல்லைங்க. சோறு தின்னு கை கழுவுறதுக்குள்ள, ஏன்டி சோறு போடலங்கிறாரு. நேத்துக் காலையில வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுல பொம்பளைங்க வரிசையில போயி நின்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. நீங்களுந்தான்."

"அதுக்குத்தானே மூளைக்கு லேகியம் குடுக்கிறேன்? வல்லாரை, பாதாம், ஆட்டு மூளை போட்டு, பதுளை இத்ரூஸ் நானா மருந்துக் கடையில சொல்லிக் கிண்டினது. நெல்லிக்கா அளவு குடுத்தியா? இனிமே எலுமிச்சங்கா அளவு குடு."

இராக்கம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவன் விழ விழ உருண்டைதான் பெருக்கிறது.

"அடி விழுறத நிறுத்தாம மருந்த ஊட்டிக்கிட்டே இருந்தா எப்படிங்க கேக்கும்?"

"பத்தியம் ஒழுங்கா இருந்தா ஏன் கேக்காது? நீ புளி சேத்திருப்ப."

வந்துவிட்டது! மருந்து கேட்டால் கங்காணிக்குப் பேர், கேட்காவிட்டால் சமைத்தவள் கைக்குக் குற்றம். லேகியம் வந்த நாளிலிருந்து அவள் வீட்டில் புளி இல்லை, கருவாடு இல்லை. அவளும் சேர்ந்து நாக்குச் செத்துக் கிடந்தாள்.

வாசல் மூலையில் குந்தியிருந்த அவள் புருசன் மாரிசாமி தலையைத் தூக்கினான். "கங்காணி, அந்த நமுனுகுல ஆளு எப்படி இருப்பான்? நான் பாத்ததே இல்லையே."

போன தடவை அவனைத் தலைகீழாகப் போட்டதே அந்த ஆள்தான். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

பத்தியம் முறிந்தவன் கோதா மண்ணை மிதிக்கக் கூடாது, மிதித்தால் கட்டிப் புரளுகிறவனுக்கும் கேடு என்பது இங்கே சட்டம். வகுத்தவர் கங்காணியேதான்.

"ஆமாங்க, சேத்தேன்," என்றாள் இராக்கம்மா, எல்லோர் காதிலும் விழும்படி. "புளி, கருவாடு, அம்புட்டும்."

மாரிசாமிக்குப் பக்கத்திலிருந்த பயில்வான் சட்டென்று தள்ளி உட்கார்ந்தான்.

"பொய்யி! ஏன்டி பொய் சொல்ற?" என்று கத்தினார் கங்காணி.

"நீங்கதானே இப்பச் சொன்னீங்க?"

"ஒன்னைய லயத்த விட்டே தொரத்திருவேன், பாத்துக்க!"

"தொரத்துங்க."

அவள் புருசனின் கையைப் பிடித்து எழுப்பினாள். லயத்து வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. பதுளை ஆஸ்பத்திரிக்குப் போகும் கீழ்ப்பாதையில் அவனை இறக்கி நடத்திக்கொண்டு போனாள்.