சங்கிலியும் உருண்டையும்

ஜன்னல் இடுக்கில் அவன் ஈரத்துணியைத் திணித்துக்கொண்டிருந்தபோது அக்கா கண்ணைத் திறந்தாள்.

"அதை எடுத்துடுடா."

"நாத்தம் குடலைப் புடுங்குதுக்கா. செத்துடுவோம்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. அக்கா சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் சளியில் போய் முடிந்தது. அவன் கிண்ணத்தை நீட்டினான். பழுப்பாக, கெட்டியாக, உதட்டிலிருந்து அறாமல் நூல்போல் தொங்கியது. முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டே துடைத்துவிட்டான். கிண்ணத்தைக் கழுவி வந்து கையை மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவினான். வீட்டில் அவன் பெயரே சோப்புதான். ஏசி மெக்கானிக் வேலை பார்க்கிறவனுக்கு அப்படியொரு பெயரா என்று கடையில் கேலி செய்வார்கள்.

பெயர் வைத்தது அக்கா. கடல் ஆய்வுக்கூடத்தில் இருபத்தேழு வருஷம் ஒரே வேலை அவளுக்கு. செவ்வாய்க்கிழமைதோறும் படகில் போய்த் தண்ணீர் எடுப்பாள். அதில் மிதக்கும் கண்ணுக்குத் தெரியாத உயிர்களை நுண்ணோக்கியில் எண்ணிக் குறித்துவைப்பாள். மருந்து நெடியும் கவிச்சியுமாக வீட்டுக்கு வருவாள். அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவன் சாப்பிட்டதே இல்லை. அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. அவன் வீட்டுப் பின்னறையில்தான் இருந்தாள். ஒரே வீட்டில் இருந்தும் தன் தட்டைத் தனியாகத்தான் வைத்துக்கொள்வான்.

இப்போது நுரையீரல் போய்விட்டது. காலையில் வந்த டாக்டர் வாசலிலேயே நின்று, "இன்னிக்குத் தாண்டறதே கஷ்டம்" என்றுவிட்டு, கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு போனார். அது கடல் நாற்றத்துக்காக. நான்கு நாளாக ஊரே ஜன்னலைச் சாத்திக்கொண்டு கிடந்தது.

"எத்தனை நாளா இந்த வாடை?" என்றாள் அக்கா.

"நாலு நாள். கரை முழுக்கக் கூழு மாதிரி ஒதுங்கிக் கிடக்காம். முதல்ல பச்சையா இருந்துச்சாம், இப்ப பழுப்பா அழுகுது."

"அப்ப கீழ்த்தண்ணி மேல வந்துடுச்சு." அவள் குரலில் திடீரென்று தெம்பு வந்தது. "ரெண்டு வருஷமா மேல்தண்ணி சூடேறி மூடி போட்ட மாதிரி கிடந்துச்சுடா. உரம் பூரா அடியில குளிர்ந்த தண்ணியில. மேல வராம ஒண்ணும் முளைக்கலை. மீனும் இல்லை. இப்ப காத்து திரும்பியிருக்கு."

"அதான் முளைச்சு அழுகி நாறுதா?"

"ஒரேயடியா முளைச்சா அப்படித்தான். ஆனா எந்தப் பாசி முளைச்சுச்சுன்னு பார்க்கணும். சங்கிலியா வந்திருந்தா மீனுக்குச் சாப்பாடு. உருண்டையா வந்திருந்தா சில சமயம் விஷம்." மூச்சு வாங்கினாள். "போய் ஒரு பாட்டில் எடுத்துட்டு வா."

"உங்க டைரக்டர்கிட்ட சொல்றேன், ஆள் அனுப்புவாரு."

காலையில்தான் டைரக்டர் போன் செய்திருந்தார். அக்கா எப்படி இருக்கிறாள் என்று ஒரு வார்த்தை. அப்புறம் நாற்றத்தில் தன் வீட்டில் விருந்தைத் தள்ளிப்போட நேர்ந்ததைப் பற்றிக் கால் மணி நேரம். அவள் படுத்ததும் எண்ணுகிற வேலையையே நிறுத்திவிட்டார்களாம். இப்போதெல்லாம் செயற்கைக்கோளே பார்த்துச் சொல்லிவிடுகிறதாம். அவன் போனை வைத்த பிறகு அதையும் துணியால் துடைத்தான்.

"மேலேருந்து பார்த்தா பச்சைன்னு தெரியும்," என்றாள் அக்கா. "எது பச்சைன்னு தெரியாது."

அவன் நகரவில்லை. கதவருகில் நின்றிருந்த அவன் மனைவி, "போயிட்டு வாங்களேன். அண்ணி வேற எதைக் கேட்டிருக்காங்க?" என்றாள்.

போனான். கரையில் கணுக்கால் ஆழத்துக்குப் பழுப்புக் கூழ். கால் வைத்த இடத்தில் குமிழி வெடித்து, அழுகின முட்டை நாற்றம் மேலே வந்தது. செத்த நண்டுகள் மல்லாந்து கிடந்தன. அவற்றின் வயிற்றில் ஈ. கரையில் எடுக்காதே, கடலுக்குள் நீளும் படகு மேடையின் கடைசிக்குப் போ என்று அவள் சொல்லி அனுப்பியிருந்தாள். மேடைக்குப் போக அதை மிதித்துத்தான் ஆகவேண்டும். பாதி வழியில் செருப்பு மாட்டிக்கொண்டது. குனிந்து கைவிட்டு இழுத்தான். மேடைமேல் ஏறியதும் காலையில் குடித்த டீயெல்லாம் வெளியே வந்தது. இதற்குள்ளேயா ஒருத்தி இருபத்தேழு வருஷம் கைவிட்டுத் துழாவினாள் என்று நினைத்தான். நினைப்பில் இரக்கம் இல்லை; அருவருப்புதான் இருந்தது. அது யார்மேல் என்றுதான் அவனுக்குத் தெரியவில்லை.

மேடைக் கடைசியில் தண்ணீர் தேநீர் நிறத்தில் இருந்தது. கயிற்றில் பாட்டிலை இறக்கி எடுத்தான். சில்லென்று இருந்தது.

அவளுடைய பழைய நுண்ணோக்கியை வைக்கச் சாப்பாட்டு மேஜையைத் தவிர வேறு இடம் இல்லை. மேஜைமேல் வைத்தான். அறைக்கதவு திறந்திருந்தது, படுக்கை அங்கிருந்து நாலே அடி.

"அயோடின் ரெண்டு சொட்டு. நல்லாக் குலுக்கு. கட்டம் போட்ட கண்ணாடியில விடு. கொஞ்ச நேரம் அடங்கட்டும்."

செய்தான். குனிந்து பார்த்தான். முதலில் தன் இமைமயிர்தான் தெரிந்தது. திருகைத் திருப்பத் திருப்ப, மங்கலிலிருந்து என்னென்னவோ எழுந்து வந்தன.

"ச்சீ. கால் காலா இருக்கு."

"காலில்ல, முள்ளு. முள்ளோட ஒண்ணுக்கொண்ணு கோத்துக்கிட்டு இருக்கா?"

"ஆமா."

"அது சங்கிலி. இடுப்புல பள்ளம் விழுந்து தனியா இருந்தா உருண்டை. முதல் வரிசையிலேருந்து போ. பத்து வரிசை. வாய்விட்டுச் சொல்லு."

"சங்கிலி. சங்கிலி. உருண்டை. சங்கிலி…"

ஒவ்வொன்றுக்கும் அறையிலிருந்து "ம்" வந்தது. அவன் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து நோட்டில் கோடு போட்டுக்கொண்டே வந்தாள். மூன்றாவது வரிசையில், "உடைஞ்சு கிடக்கறதையும் சேர்க்கறதா?" என்று கேட்டான்.

"பாதிக்கு மேல இருந்தா சேத்துக்கோ. ஏமாத்தாதே."

"நான் ஏன் ஏமாத்தறேன்?"

"நீ பார்க்கப் பிடிக்காம தாண்டிடுவே."

தாண்டத்தான் செய்திருந்தான். இரண்டு கட்டம் பின்னால் போய் மறுபடி பார்த்தான்.

ஐந்தாவது வரிசையில் நெடுநேரம் சங்கிலியாகவே வந்தது. மணிக்கணக்கில் கம்ப்ரஸர் முன்னால் குத்தவைத்துப் பழகிய முதுகுதான், வலி தெரியவில்லை. ஆறாவதில் "ம்" சன்னமாகியது. ஏழாவது வரிசையில் பாதி தாண்டியபோது, "சங்கிலி" என்றான். "ம்" வரவில்லை. பிறகு, "உருண்டை" என்றான்.

மனைவி பென்சிலை வைத்துவிட்டு எழுந்து அறைக்குள் போனாள். அங்கே துணி சரசரத்தது. திரும்பி வந்து அவன் தோளில் கைவைத்தாள்.

"என்னங்க."

அவன் கண்ணை எடுக்கவில்லை.

"எழுதிக்கோ," என்றான். "இன்னும் மூணு வரிசை இருக்கு."

விளக்குச் சூட்டில் கண்ணாடித் தகட்டின் ஓரத்தில் தண்ணீர் காய்ந்துகொண்டு வந்தது. அது உள்ளே வருவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று அவன் கொஞ்சம் வேகமாகச் சொல்ல ஆரம்பித்தான்.