ஜன்னல் மேடை டம்ளர்

ஒரு காது மந்தம் என்பதால் வெண்கலம் எப்போதும் தேவாலயத்தின் முதல் பெஞ்சில்தான் உட்காருவாள். தன் குரல் தனக்கே சரியாகக் கேட்காமல் அவள் போடும் சத்தத்துக்குத்தான் அந்தப் பட்டப்பெயர். வார நாட்களில் நகராட்சி அலுவலகத்தைக் கூட்டிப் பெருக்குவாள், கழிவறைகளைக் கழுவுவாள்.

அந்த ஞாயிறு சபைச் செயலாளர் அவளைக் கடைசி பெஞ்சுக்குத் துரத்தினார். அமைச்சர் வருகிறாராம். அமைச்சரும் ஞானஸ்நானம் பெற்றவர்தான்; தேர்தல் நெருங்கினால் அது ஞாபகத்துக்கு வரும். செயலாளர் வேறு யாருமல்ல, நகராட்சியின் தலைமை எழுத்தர். ஆபீஸில் எல்லோருடைய டீ டம்ளரும் தட்டில் இருக்க, வெண்கலத்தினுடையது மட்டும் ஜன்னல் மேடையில் தனியாகக் கவிழ்ந்து கிடக்கும். அது அவர் செய்த ஏற்பாடு. பதினெட்டு வருஷமாக ஒவ்வொரு மடக்கிலும் அவளுக்கு வயிறு எரிந்தது. கேட்டால் வேலை போய்விடுமோ என்று வாயைத் திறக்கவில்லை.

அமைச்சரைக் கண்ட பரபரப்பில் செயலாளர் ஒன்றைக் கோட்டை விட்டார். அந்த ஆலயத்தில், எல்லோரும் ஒரே பாத்திரத்திலிருந்து திராட்சரசம் குடிக்கும் திருவிருந்துக்குக் கடைசி பெஞ்சுதான் முதலில் போகும். வெண்கலம் எழுந்து நடந்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. அமைச்சர் கடைசியில் போவதா? அவசர அவசரமாக அவரை அழைத்துக்கொண்டு ஓடினார். பீடத்தின் முன் இரண்டே இடம்தான் மிச்சம். வெண்கலத்துக்குப் பக்கத்தில் அமைச்சர், அவருக்குப் பக்கத்தில் செயலாளர் என்று முழங்காலிட்டார்கள்.

போதகர் அவள் பக்கமிருந்து தொடங்கினார். அவள் குடித்தாள். போதகர் பாத்திரத்தின் விளிம்பைத் துணியால் துடைத்து அமைச்சரிடம் நீட்டினார். செயலாளர் முகத்தில் ஈயாடவில்லை. வெண்கலம் அமைச்சரின் முகத்தையே பார்த்தாள். இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டால் கர்த்தருடைய பாத்திரமும் அல்லவா ஜன்னல் மேடைக்குப் போய்விடும்!

அமைச்சர் குடித்தார். ஓட்டுக்காகவோ மனசாரவோ, அது அவருக்கும் ஆண்டவருக்கும் உள்ள விஷயம். அடுத்து செயலாளர். இத்தனை வருஷமும் எப்படியாவது அவளுக்கு முந்திக்கொள்கிற மனிதர், அன்று வேறு வழியில்லாமல் கண்ணை மூடிக்கொண்டு குடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஒரே பாத்திரம், திங்கட்கிழமை தனி டம்ளர். இது இத்தனை நாள் உறைக்கவில்லையே என்று வெண்கலத்துக்குத் தன்மேலேயே கோபம் வந்தது. அந்தக் கோபத்தையும் தாண்டிச் சந்தோஷம் பொங்கியது. கடைசிப் பாட்டில் அவள் குரலுக்கு முன்னால் ஆர்கன் எடுபடவே இல்லை.

மறுநாள் டீக்காரர் தட்டோடு வந்தார். வெண்கலம் ஜன்னல் பக்கம் போகவில்லை. தட்டிலிருந்து ஒரு டம்ளரை எடுத்து, தலைமை எழுத்தர் மேசைக்கு முன்னாலேயே நின்று ஊதி ஊதிக் குடித்தாள். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"நேத்து நீங்களும் அமைச்சரும் எனக்கப்புறம்தானே சார் குடிச்சீங்க?" என்று அவள் ரகசியமாகத்தான் கேட்டாள். "உடம்புக்கு ஒண்ணும் ஆகலையே?"

மாடிவரை கேட்டது. யாரோ சிரித்தார்கள். தலைமை எழுத்தர் ஒரு ஃபைலை எடுத்து விரித்துக்கொண்டார்.

டீக்காரர் ஜன்னல் மேடை டம்ளரையும் எடுத்துப் போய் மற்றவற்றோடு சேர்த்துக் கழுவினார். அடுத்த நாள் தட்டில் அது எது என்று வெண்கலத்துக்கே தெரியவில்லை.