தறி மேடைக்குப் போட்ட ரப்பர்

வியாழக்கிழமை மாலை, திருப்பதிக் கல்லூரியின் சோதனைக்கூடத்தில், சந்துரு வார்த்த கான்கிரீட் கட்டிகளில் ஒன்றுகூடப் பலம் சோதிக்கும் மிஷினில் பதினொரு மெகாபாஸ்கலைத் தாண்டவில்லை. குறைந்தது இருபது வரவேண்டும். மிஷினைக் குறை சொல்ல வழியில்லை. சற்றுமுன் அதே மிஷினில் வகுப்புத் தோழி ரேஷ்மாவின் கட்டி இருபத்திரண்டு வரை தாங்கியது.

"இன்னாடா, உள்ள இட்லி வச்சியா?" என்று சிரித்தவள், அவன் நோட்டை இழுத்துப் பார்த்தாள். சிரிப்பு நின்றது. "மணல்ல பத்துல ஒரு பங்கு எடுத்துட்டு ரப்பர் போடணும், சரி. பொட்டியில அளந்துதானே போடணும்? நீ தராசுல நிறுத்துக்கீற. ரப்பர் லேசுடா. ஒரு கிலோ மணல் இருந்த எடத்துல ஒரு கிலோ ரப்பர் அடங்குமா?"

அடங்காது. கிட்டத்தட்ட மூன்று மடங்கு இடம் கேட்கும். கிராம் பிசகாமல் நிறுத்திருந்தான். தப்பையும் அத்தனை சுத்தமாகச் செய்திருந்தான்.

கட்டி உடைந்ததில் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் அதே கலவையில் போட்ட மேடையில்தான் நகரியில் அவன் மாமா தங்கவேலுவின் விசைத்தறி நின்றது. தறி ஓடினால் அடுத்த வீட்டுச் சுவர்வரை நடுங்கும். பழைய டயரை அரைத்த தூளும் நாரும் சேர்த்தால் கான்கிரீட் அந்த அதிர்வை வாங்கிக்கொள்ளும் என்று வகுப்பில் படித்துவிட்டு, "அளவு நான் எழுதித் தரேன் மாமா" என்று முந்திக்கொண்டவன் அவன்தான். சித்தூரில் தூள் மூட்டையை வாங்கி பஸ்ஸில் ஏற்றி வந்தவனும் அவனே. கலந்து கொட்டியவர் கன்னையா மேஸ்திரி.

தறியை ஏற்றிய இரண்டாம் நாளே போல்ட்டுகள் ஆடத் தொடங்கின. பழி மேஸ்திரி தலையில் விழுந்தது. மிச்ச மூன்று மேடைக்கு வேறு ஆள் பார்க்கப்போவதாக மாமா செவ்வாய்க்கிழமை போனில் கத்தினார். "அவர் பார்த்துப் போட்டிருக்கணும் மாமா" என்று சந்துருவும் ஒத்து ஊதினான்.

வெள்ளி போயிற்று. சனியும் போயிற்று. போனை எடுப்பான், மாமா பேர்வரை போவான், வைத்துவிடுவான். நேரில் சொல்வதுதான் மரியாதை என்று தனக்கே சாக்குச் சொல்லிக்கொண்டான்.

ஞாயிறு காலை அவன் நகரிக்குப் போனபோது, கன்னையா தறி மேடையருகே குந்தி, போல்ட்டைச் சுற்றி உதிர்ந்ததை விரலால் நோண்டிக்கொண்டிருந்தார்.

"முப்பது வருஷ மேஸ்திரியாம்!" மாமா இடுப்பில் கைவைத்து நின்றார். "இதுமேல தறி ஓட்டினா கோலாட்டம் ஆடுது."

"தப்பு எம்மேலதான் மொதலாளி. கலவை உப்புமாவாட்டம் உதிரி உதிரியா இருந்துச்சு, கரண்டிக்கே வரல. ரெண்டு சொம்பு தண்ணி ஜாஸ்தி ஊத்திட்டேன். அதான் கெட்டுப்போச்சு."

சந்துருவுக்கு நெஞ்சில் பாரம் சட்டென்று குறைந்தது. குறைந்ததை உணர்ந்ததும் கூசியது. தண்ணீர் கூடினால் கான்கிரீட் பலம் குறையும் என்பது உண்மைதான். பேசாமல் இருந்தால் போதும், பொய்கூட ஆகாது.

"தண்ணியால இல்ல மாமா." சந்துரு குறுக்கிட்டான். "ரெண்டு சொம்புக்கு இவ்ளோ கெடாது. ரப்பர் மூணு மடங்கு. நான்தான் அளவைத் தப்பா எழுதிக் குடுத்தேன். இவ்ளோவா தம்பின்னு மேஸ்திரி அன்னைக்கே கேட்டாரு. நான் நோட்டைக் காட்டி வாயடைச்சேன்."

"டேய்..." என்றார் மாமா. அக்கா மகனைத் திட்டவும் முடியாமல், மேஸ்திரி முகத்தைப் பார்க்கவும் முடியாமல், ஓடாத தறியில் ஊடுநூல் ஓட்டும் நாடாவை எடுத்துத் துடைக்கத் தொடங்கினார்.

கன்னையா எழவில்லை. "எப்ப தெரிஞ்சுது உனக்கு?"

"வியாழக்கிழமை... சாயந்திரம்."

அவர் விரலில் ஒட்டிய கருந்தூளை வேட்டியில் தேய்த்தார். "செவ்வாக்கெழமையிலருந்து எனக்குச் சோறு எறங்கல. இனிமே கரண்டியே தொடமாட்டேன்னு நேத்து என் பொஞ்சாதிகிட்ட சொல்லிட்டேன்." தலையை நிமிர்த்தினார். "என் நம்பர் உன்கிட்ட கீதே நைனா."

இருந்தது.